குணாவின் எடைக்குத் தண்ணீர்

1. மறுநாள்

என் கணவர் குணா ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறிய மறுநாள், நான் கராஜைத் திறந்து சற்று நேரத்துக்கெல்லாம் முதல் டயர் வந்தது. சாதாரண வேன் டயர். பக்கவாட்டில் ஆணி ஏறியிருந்தது. அங்கே ஏறிய ஆணிக்கு ஒட்டுப் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். காற்றை இறக்கினேன். சக்கரத்தைத் தரையில் கிடத்தினேன். தூணில் பிணைத்திருந்த எங்கள் நீண்ட நெம்புகட்டையின் முனையைப் பிடித்து அழுத்தினேன், பிறகு தொங்கினேன். டயர் அசையவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். டயரின் உள்விளிம்பை பீட் என்போம். அதற்குள் எஃகுக் கம்பி ஓடும். அது ரிம்மின் ஓரத்தை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை முதலில் விடுவிக்க வேண்டும். விடும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அது வராமல் அடுத்த வேலை எதுவும் நடக்காது.

வேன், பார்வதி அக்காவுடையது. எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“என்னாம்மா, ஊஞ்சல் ஆடுறியா?”

“கொஞ்சம் இறுக்கமா இருக்குக்கா.”

“நவுரு, நானும் வாரேன்.”

இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். ‘டப்.’ அக்கா கையைத் தட்டிக்கொண்டார்.

“ஒவ்வொரு டயருக்கும் நான் வந்து தொங்க முடியாதுலா. குணா எப்ப வருவாரு?”

“தீபாவளிக்கு.”

“அதுவரைக்கும் என் வேன் காத்துலயா ஓடும்?”

நான் சிரித்துவைத்தேன். முந்தைய நாள் பஸ் நிலையத்தில் குணா சொன்னதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “கடைய மூடிறாத. நீ தொறந்து வச்சிருந்தா நான் திரும்பி வர ஒரு எடம் இருக்கும். மூடிட்டா அங்கயே இருந்துருவேன். எனக்கே என்னப் பத்தித் தெரியும்.”

2. கருவிகள் வந்த வழி

நாங்கள் இருவரும் ஈப்போவில் ஒரே டயர் கடையில் வேலை பார்த்தவர்கள். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திரப் பராமரிப்பு படித்துவிட்டு அலைன்மென்ட் பகுதியில் சேர்ந்தேன். அவர் டயர் பகுதி. கடையில் எல்லாரும் அவரைக் குணாண்ணே என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதை நிறுத்த வேண்டியிருந்தது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சில மாதங்கள் “இந்தாங்க” என்றே சமாளித்தேன். அவசரத்தில் “குணாண்ணே, ஜேக்கு!” என்று வாயில் வந்துவிடும். பார்வதி அக்கா அதை ஒருமுறை கேட்டுவிட்டார். இன்றுவரை கேலியை விடவில்லை.

கடை இருந்த இடத்தை முதலாளி தவுக்கேயின் பிள்ளைகள் விற்றார்கள். கடை போயிற்று. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், ரப்பர்க் காட்டை வெட்டி எழுப்பிய தாமானில் எங்கள் வீடு. முன்புறம் ஒரு காடி, அதாவது கார், நிறுத்தும் அளவுக்குக் கராஜ். காடியைத் தெருவில் நிறுத்திவிட்டு அங்கே தொடங்கினோம். டயர் மாற்றும் மெஷின் வாங்க வழியில்லை. கம்ப்ரஸரும் ஜேக்கும் மட்டும் வாங்கினோம். மற்றவற்றை நாங்களே செய்தோம்.

லீவர்: பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங். பீடோர் குணாவின் ஊர். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தோம். கிரைண்டரில் முனையைத் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். சூட்டில் நீலம் ஏறிவிட்டால் எஃகு தன் வலுவை இழந்துவிடும், பிறகு வளையும். விளிம்புகளை விரலில் தடவினால் உறுத்தாத அளவுக்கு மழுக்க வேண்டும், இல்லையென்றால் டியூபைக் கிழிக்கும்.

ரிம் காப்பு: எஞ்சின் ஆயில் போத்தலின் தடித்த பிளாஸ்டிக்கைப் பட்டையாக வெட்டியது. லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகினால் ரிம்மில் கீறல் விழாது.

சோப்புக் குழம்பு: மஞ்சள் கட்டி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டது. பிரஷால் பீட் முழுக்கத் தடவ வேண்டும். இதைக் காய்ச்சுவது குணாவின் வேலை. எத்தனை முறை கழுவினாலும் அவர் கையில் அந்த வாசனை இருக்கும். அவர் போன பிறகு நான் காய்ச்சுகிறேன். அதே சோப்பு, அதே சட்டி. என் கையிலும் இப்போது அந்த வாசனைதான். ஆனால் அது சோப்பு வாசனையாக மட்டுமே இருக்கிறது.

மேசை: பழைய லாரி ரிம் ஒன்றைப் படுக்கவைத்து, விளிம்பு முழுக்க சைக்கிள் டியூபைச் சுற்றியது. சக்கரம் வழுக்காமல் உட்காரும்.

நெம்புகட்டை: எல்லாவற்றிலும் பெரியது. உடைத்த வீடொன்றிலிருந்து கிடைத்த செங்கால் மரக்கட்டை, ஆளுயரத்தைவிட நீளம். அதன் ஒரு நுனியை லாரிப் பின்கதவின் கீல் ஒன்றால் கராஜ் தூணில் பிணைத்தோம். கீலிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி ஒரு துளை போட்டு, அதில் போல்ட்டால் ஓர் இரும்புக் கால் தொங்கவிட்டோம். காலுக்கடியில் தட்டையான பாதம். சக்கரத்தைக் கீழே வைத்து, பாதத்தைப் பீட்டுக்கு மேலே பொருத்தி, கட்டையின் மறுநுனியை அழுத்தினால் டயர் ரிம்மை விடும்.

இவற்றில் எதற்கும் நாங்கள் அளவுநாடா எடுக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் அப்படிச் செய்திருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். குணா நின்று பார்ப்பார். “இங்க வெட்டு” என்பார். நான் வெட்டுவேன். அதனால் லீவரின் பிடி அவர் கைக்கும், மேசையின் உயரம் அவர் முழங்காலுக்கும், கட்டையின் துளை அவர் எடைக்கும் சரியாக இருந்தன. அவர் பக்கத்தில் இருந்தவரை இதை நான் கவனிக்கவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு கருவியும் அவருடைய சட்டையை நான் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

ஏன் போனார் என்று கேட்பீர்கள். ஒரு கராஜ் வருமானம் இரண்டு பேரைத் தாங்கவில்லை. அவ்வளவுதான். சிங்கப்பூரில் கனரக வாகனப் பணிமனையில் வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு, விடியுமுன் பாலத்தைக் கடந்து போய் வருகிறார். அங்கே அவர் உயரத்துக்கு இருக்கும் டயர்களையும் மெஷினே கழற்றுகிறதாம். “நான் பட்டன அமுக்கிட்டு வேடிக்க பாக்குறேன்” என்றார் போனில்.

3. தண்ணீர்

என் எடை குறைவு. அதுதான் பிரச்சினை என்று முடிவு செய்தேன். எடை குறைந்தால் எடையைச் சேர்க்க வேண்டும். குணாவின் எடையிலிருந்து என் எடையைக் கழித்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டில் தோங்கு என்று நாங்கள் சொல்லும் நீல நிறத் தண்ணீர்க் கேன்கள் இரண்டு இருந்தன. கழித்து வந்த மீதிக்குச் சரியாகத் தண்ணீர் நிரப்பி, கட்டையின் நுனியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். கட்டையைத் தூக்கிப் பிடிக்கக் கூரைச் சட்டத்தில் ஒரு கயிறு. அதைத் தளர்த்தி, நானும் கட்டையில் சாய்ந்தால் குணாவின் எடை வந்துவிடும்.

வந்தது. முதல் டயர் ‘டப்’ என்று விட்டபோது, அவர் பக்கத்தில் நிற்பதுபோல் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பார்வதி அக்கா தோங்குகளைச் சுற்றி வந்து பார்த்தார். எங்கள் ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், பேராக்கில் ஒருவரையொருவர் கேலி செய்ய எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுவது வழக்கம்.

“வெளியூர்க்காரன் யாராச்சும் இதப் பாத்தா, தஞ்சோங் ரம்புத்தானப் பத்திச் சொல்றதெல்லாம் சரிதான்னுட்டுப் போயிருவான்” என்றார்.

“குணா எடைக்கு நிரப்பியிருக்கேன்க்கா.”

“அப்ப இதையும் குணாண்ணேன்னுதான் கூப்புடுறியா?”

அன்று மாலை வீடியோ அழைப்பில் குணாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் சிரித்தார்.

“எனக்குப் பதிலா தண்ணிய வேலைக்கு வச்சிட்டியா?”

“லீவு கேக்குறதில்ல.”

“கோப்பியும் கேக்காது. நல்ல ஆளுதான்.” பிறகு, “நான் அவ்ளோ கனமாவா இருக்கேன்?” என்றார்.

“ரெண்டு தோங்கு.”

“இப்ப கொறஞ்சிருக்கும்லா. இங்க சாப்பாடு சரியில்ல. கொஞ்சம் தண்ணிய ஊத்திரு.”

நான் ஊற்றவில்லை. போனபோது இருந்த எடையிலேயே வைத்திருந்தேன்.

சில வாரங்கள் ஒழுங்காக நடந்தது. பள்ளி விடுமுறை முடியும் கடைசி நாள், அக்கா வேனின் பின்சக்கரத்தைக் கொண்டுவந்தார். டயர் புதிது. வால்வ் கசிந்தது. பீட்டை ஒரு பக்கம் இறக்கி, வால்வை மாற்றி, திரும்பக் காற்றடித்துக் கொடுக்க வேண்டும். எளிய வேலை. மறுநாள் விடியலில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். “இப்பவே ஆயிரும்க்கா” என்று சொல்லியிருந்தேன்.

ரிம் உள்பக்கம் துருவேறி, பீட் அதில் ஒட்டியிருந்தது. கயிற்றைத் தளர்த்தினேன். சாய்ந்தேன். நகரவில்லை. முழு உடம்பையும் கொடுத்தேன். பீட் ஒரே நொடியில் விட்டது. நான் சாய்வதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் நிறுத்தவில்லை. கட்டை தோங்குகளோடு முழு வேகத்தில் கீழே போயிற்று. இரும்புப் பாதம் ரிம்மைத் தாண்டி உள்ளே இறங்கிப் பீட்டைக் கிழித்தது. ஒரு தோங்கு தரையில் மோதி வெடித்தது. கராஜ் முழுக்கத் தண்ணீர். என் கால் சற்றே தள்ளி இருந்ததால் தப்பியது.

டயரைத் தூக்கிப் பார்த்தேன். ரப்பர் விலகி, உள்ளே கம்பி பளபளத்தது. கம்பி தெரிந்த டயரை ஓட்டக் கூடாது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்வதி அக்கா கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இது போன மாசம் போட்ட டயர்லா” என்றார் மெதுவாக.

“புதுசு வாங்கித் தாரேன்க்கா.”

“டயர் கெடக்குது. புள்ளைங்கள ஏத்துற வண்டி. நாளைக்கி ஸ்பேர்ல ஓட்டிக்கிறேன். இனிமே டவுன்ல பாத்துக்கிறேன். கோச்சுக்காத.”

மறுநாளே புது டயரை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் டவுன் கடையில் மாட்டிக்கொண்டார். தாமானில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் என் கடையைக் கடந்து போவதை எல்லாரும் பார்ப்பார்கள்.

டயர் கிழிந்த அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் குணா அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். “கால்ல படலல்ல?” என்று முதலில் கேட்டார். அவர் அறை மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“வந்துரவா?” என்றார்.

வாருங்கள் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. வந்திருந்தால் இரண்டு பேரும் இந்த ஒரு கராஜில் நின்றிருப்போம், சில மாதங்களில் அதையும் மூடியிருப்போம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சொல்லாமல் இருப்பது நான் அதுவரை செய்த எந்த வேலையையும்விடக் கடினமாக இருந்தது.

“வேணாம். நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

4. தூரம்

என்ன தவறு என்று வரிசையாக யோசித்தேன். கட்டை நல்ல கட்டை. கீல் உறுதி. எடை சரி. பிறகு குணா அழுத்துவதை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ‘டப்’ சத்தத்தோடு அவர் முழங்கால் சற்று மடங்கி நிமிரும். குட்டியாக ஒரு குதிப்பு. அதைக் கடைக் காலத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அவருடைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீட் விட்ட கணத்தில் அவர் தன் எடையைக் கட்டையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. அதைப் பற்றிப் பிறகு அவரிடம் கேட்டேன். “அப்டியா செய்றேன்?” என்றார். அவருக்கும் தெரியவில்லை.

நான் அவருடைய எடையை நிரப்பினேன். நிறுத்துவதை எதிலும் நிரப்ப முடியாது.

ஆகவே எடையை விட்டுவிட்டு தூரத்தை எடுத்துக்கொண்டேன். இது முதல் பருவத்திலேயே படித்த பாடம். கீலுக்கும் இரும்புக் காலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், அதே கை அழுத்தத்தில் பாதத்தின் அழுத்தம் இரட்டிப்பாகும். பதிலுக்குப் பாதம் பாதித் தூரம்தான் இறங்கும். ஒரே அழுத்தில் முடியாது. டயரைத் தூணோடு ஒட்டி வைத்து, சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அழுத்த வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் பீட் விட்டாலும் பாதம் ஓடிப்போய்க் கிழிக்காது.

கீலுக்கு அருகே புதிதாக ஒரு துளை போட்டேன். அடுத்ததாக, பழைய துளையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நான் உள்துளையில் அழுத்தும்போது, குணாவின் வெளித்துளை கட்டை அதிகமாக வளையும் பகுதியில் வெறுமையாக நிற்கும். அங்கே கட்டை பிளக்கலாம். வழக்கமாகச் செய்வது, ஒரு மர ஆப்பைப் பசை தடவி அடித்து அடைத்துவிடுவது. செங்காலிலேயே ஆப்பு சீவினேன். பசையைக் கலந்து வைத்தேன். ஆப்பைத் துளையின் வாயில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சுத்தியலைக் கையில் எடுத்தேன்.

அடிக்கவில்லை. பசை தகரத்திலேயே காய்ந்துபோனது.

அடுத்த நாள் இரண்டு இரும்புத் தகடுகள் வாங்கிவந்து, கட்டையின் இருபுறமும் வைத்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினேன். தகடுகளில் இரண்டு துளைகளையும் துளைத்தேன். அடைப்பதைவிட மூன்று மடங்கு வேலை. இதற்குப் பொறியியல் காரணம் உண்டா என்றால் உண்டு: ஆப்பு துளையை மறைக்கும், போன பலத்தைத் திருப்பித் தராது, தகடு தரும். ஆனால் அந்தக் காரணத்தை நான் பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

5. பசியாறல்

தூக்கிப்போட்ட டயர்களைப் பழைய ரிம்களில் ஏற்றி, இறக்கி, ஏற்றிப் பழகினேன். கிழிந்த அந்த வேன் டயரையும் சேர்த்துத்தான். பார்வதி அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி எங்கள் தெரு. ஒவ்வொரு நாளும் வேன் வேகம் குறைந்து, பிறகு போகும். ஒருநாள் நின்றது.

“தண்ணி எங்க?”

“செடிக்கு ஊத்திட்டேன்க்கா.”

இறங்கி வந்தார். கட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஒதுங்கி இடம் விட்டேன். ஒரு கையால் அழுத்தினார். பாதம் மெல்ல இறங்கியது. டயரைத் திருப்பி வைத்தேன். மறுபடி அழுத்தினார். மூன்றாவது இடத்தில் ‘டப்.’

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான். சுத்திச் சுத்தி அமுக்கணும்.”

“அன்னிக்கி என்னத் தொங்க விட்டியே.” தகட்டைக் குனிந்து பார்த்தார். “இங்க இன்னொரு ஓட்ட சும்மா இருக்கு?”

“அது குணாவுக்கு.”

“ஆளு இல்லாதப்ப அது எதுக்கு?”

நான் துணியால் லீவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த லீவர்தான். அக்கா அதைப் பார்த்தார்.

“பசியாறிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்லக்கா.”

வேனிலிருந்து ரொட்டி சானாய் பொட்டலத்தை எடுத்துவந்து மேசை ரிம்மின் மேல் வைத்தார். இருவரும் சாப்பிட்டோம். போகும்போது, “முன்பக்க டயர் தேஞ்சிருக்கு. சனிக்கெழம கொண்டாரேன். கம்பியக் காட்டிறாத” என்றார்.

காட்டவில்லை. அந்த டயர் இன்னும் ஓடுகிறது.

6. தீபாவளி

குணா வந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. பையோடு கராஜில் நின்றார். இளைத்திருந்தார். தோங்குக் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று மனம் தானாகவே கழித்தது.

உள்துளையில் இருந்த போல்ட்டைக் கழற்றி வெளித்துளையில் போட முயன்றார். பாதியில் சிக்கியது. தட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வைத்திருந்த டயரைக் கிடத்தி ஒரே அழுத்து. ‘டப்.’ முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போல்ட்டை உள்துளைக்கு மாற்றி, அதிலும் அழுத்திப் பார்த்தார்.

“லேசா இருக்கு.”

“மெதுவா ஆகும்.”

“ஆனா ஆகுது. நான் இல்லாமலே ஓடுது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“தொறந்து வைக்கச் சொன்னீங்க” என்றேன்.

தலையாட்டினார். கையைப் பார்த்தார். போல்ட் வெளித்துளையிலிருந்து கொண்டுவந்த துரு உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டியிருந்தது. சோப்புச் சட்டிக்குப் போய்க் கை கழுவினார். அந்த வாசனை கராஜ் முழுக்க வந்தது.

பணிமனையில் அவருக்கு வேலையை இன்னும் ஓராண்டு நீட்டித்திருக்கிறார்கள். விடுமுறை முடிந்ததும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வீட்டுக் கராஜில் தொழில் தொடங்க நினைக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கருவியை அங்கே நிற்கப்போகும் உடம்புக்குச் செய்யுங்கள். பக்கத்தில் இல்லாத ஒருவரின் எடையை அதில் தொங்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போடுங்கள், பயன்படுத்தாததையும் சேர்த்து. நம் ஊர் மழைக்கு, சும்மா இருக்கும் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும்.

சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் எனக்கு ஒரு வரிசை உண்டு. லீவர்களைத் துடைப்பது, சோப்புச் சட்டியை மூடுவது, கீலுக்கு எண்ணெய், உள்துளைக்குக் கிரீஸ். கடைசியாகப் போல்ட்டை வெளித்துளைக்கு மாற்றுவேன். அங்கும் கிரீஸ் தடவி, போல்ட் தட்டாமல் போகிறதா என்று பார்த்து, ஞாயிறு முழுவதும் அதை அங்கேயே விட்டுவைப்பேன். திங்கள் காலை திரும்ப மாற்றிக்கொள்வேன்.